பேலியோ உணவும் நீரிழிவு மாத்திரையும்: முதல் முப்பது நாள்

"ஒரு மாதம் மட்டும் பேலியோ இருந்து பார்க்கட்டுமா?" என்ற கேள்வி நீரிழிவுப் பிரிவில் அடிக்கடி எழுகிறது. கேட்டுவிட்டுத் தொடங்குவோரைப் பற்றி எங்களுக்குக் கவலை குறைவு. உறவினர் ஒருவருக்குச் சில வாரங்களில் சர்க்கரை இறங்கியதைக் கண்டு, யாரிடமும் சொல்லாமல், ஒரு திங்கட்கிழமைக் காலையில் இட்லியை நிறுத்திப் பாதாமுக்கு மாறிவிடுவோரே கவலைக்குரியவர்கள். அவர்கள் மாற்றியது உணவை மட்டுமே. அந்த இட்லியைக் கணக்கில் கொண்டு எழுதப்பட்ட மாத்திரை அன்று காலையும் வழக்கம்போல் உள்ளே சென்றுவிடுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த மாத்திரையைப் பற்றியது.

ஒரே பெயரில் இரண்டு உணவுமுறைகள்

வேளாண்மை தோன்றுவதற்கு முன், வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் வாழ்ந்த பழைய கற்கால மனிதர் உண்டதே நம் உடலுக்குப் பொருந்தும் என்பது பேலியோவின் அடிப்படை எண்ணம். 1975ஆம் ஆண்டு அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் வால்டர் வோக்ட்லின் இதனை ஒரு நூலாக எழுதினார். 1985இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் ஆகிய இருவர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இவ்வெண்ணத்தை மருத்துவ உலகின் விவாதத்துக்குக் கொண்டுவந்தது. லோரன் கார்டெய்ன் என்பவர் 2002இல் வெளியிட்ட நூலால் இது வீட்டுச் சமையலறை வரை பரவியது. அவர் வகுத்த முறையில் தானியம், பருப்பு, பால், சர்க்கரை, சேர்க்கப்பட்ட உப்பு ஆகியவை விலக்கு. இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, கொட்டைகள் ஆகியவற்றோடு பழங்களும் உண்ணத் தக்கவை.

தமிழ்நாட்டில் கடந்த பத்தாண்டுகளில் பரவிய பேலியோ இதுவன்று. இங்கே வெண்ணெயும் நெய்யும் பன்னீரும் தயிரும் தட்டில் உண்டு. பழமும் கிழங்கும் இல்லை. பெயர் கற்காலத்துடையது, நடைமுறையோ, மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை மிகுதியாக்கும் உணவுமுறை. நீரிழிவு உள்ளவருக்கு இவ்வேறுபாடு சொல் வேறுபாடு மட்டுமன்று. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு சப்பாத்தி என உண்பவர் ஒரு நாளில் 250 கிராமுக்கு மேல் மாவுச்சத்தை எளிதில் உட்கொள்கிறார். பழமும் கிழங்கும் உள்ள மேலை நாட்டுப் பேலியோவில் இந்த அளவு ஓரளவு குறையும். நம் ஊர்ப் பேலியோவைக் கண்டிப்புடன் கடைப்பிடித்தால் அது 50 கிராமுக்கும் கீழே, அதுவும் ஒரே நாளில், இறங்கிவிடும். ஆகவே, எங்கோ ஒரு நாட்டில் பேலியோவைப் பற்றிச் செய்த ஆய்வு நம் தட்டில் உள்ளதைப் பற்றியதுதானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கற்கால மனிதர் மாவுச்சத்தை அறியாதவர் என்பதும் சரியன்று. இத்தாலியில் பாலிச்சி என்னும் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 32,000 ஆண்டுகள் பழமையான அரைகல்லில் காட்டு ஓட்ஸின் மாவுத் துகள்கள் ஒட்டியிருந்தன. பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிட்டாவா தீவின் மக்களை 1990ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஸ்டாஃபான் லிண்டெபெர்க், அவர்களிடையே மாரடைப்பும் உடற்பருமனும் அரிது எனக் கண்டார். அவர்களின் உணவோ வள்ளிக்கிழங்கு, சேம்பு, பழம், தேங்காய், மீன். மாவுச்சத்துக்கு அதில் குறைவே இல்லை. அதே லிண்டெபெர்க்தான் பின்னர்ப் பேலியோ உணவின் முதன்மையான ஆய்வாளர்களுள் ஒருவரானார் என்பது இதன் சுவையான பகுதி.

பயன் இல்லையா என்றால், இருக்கிறது

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அவரும் குழுவினரும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 13 பேர் பங்கேற்றனர். மூன்று மாதம் பேலியோ, மூன்று மாதம் வழக்கமான நீரிழிவு உணவு என இரண்டையும் ஒவ்வொருவரும் மாறி மாறி உண்டனர். பேலியோக் காலத்தின் முடிவில், மற்றதைவிட ஹெச்பிஏ1சி 0.4 சதவீதப் புள்ளியும், எடை 3 கிலோவும், இடுப்புச் சுற்றளவு 4 சென்டிமீட்டரும் குறைவாக இருந்தன. நல்ல முடிவுதான். ஆனால் பங்கேற்றோர் 13 பேர் மட்டுமே என்பதையும், அவர்களின் தட்டில் பழமும் கிழங்கும் இருந்தன என்பதையும் மறத்தலாகாது.

நம் ஊர்ப் பேலியோவுக்கு நெருக்கமான சான்று வேண்டுமானால், குறைந்த மாவுச்சத்து உணவுகளைப் பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையைப் பார்க்கலாம். ஆறாம் மாதத்தில் அவ்வுணவுகளை உண்டோருள் கணிசமானோருக்கு ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பன்னிரண்டாம் மாதத்தில் மற்ற உணவுமுறைகளுடனான இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. மிகக் கடுமையான கட்டுப்பாட்டை நெடுநாள் காப்பது பலருக்கு இயலவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் நாளொன்றுக்கு 850 கிலோகலோரி அளவிலான திரவ உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்து எடையைக் குறைத்தனர். ஓராண்டின் முடிவில் அவர்களுள் 46 சதவீதத்தினர் மாத்திரையின்றியே நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தனர். அந்தத் திரவ உணவில் மாவுச்சத்து நிறையவே இருந்தது. எனவே பேலியோவால் கிடைக்கும் நன்மையில் ஒரு பெரும் பங்கு எடைக் குறைவால் வருவது. வேறு வழியில் எடையைக் குறைப்பவருக்கும் அது கிட்டும்.

இத்தனையும் சொன்னபின், மாவுச்சத்தைக் குறைத்தால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறையும் என்பதில் ஐயமில்லை. அது முதல் நாளிலேயே குறையும். பயனும் இடரும் பிறக்கும் இடம் அதுவே.

மாத்திரை அட்டையின் பின்புறம்

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, 1797இல், ஜான் ரோலோ என்னும் பிரிட்டிஷ் படை மருத்துவர், மெரிடித் என்ற தளபதியின் நீரிழிவுக்கு இறைச்சி மிகுந்த உணவை விதித்துப் பயன் கண்டதாக எழுதினார். இன்சுலின் வரும்வரை மாவுச்சத்தைக் குறைப்பது மருத்துவர்களின் முதன்மையான கருவியாக இருந்தது. ஆனால் மெரிடித் எந்தச் சர்க்கரை மாத்திரையும் உட்கொள்ளவில்லை. இன்று பேலியோ தொடங்குபவரோ இரண்டு அல்லது மூன்று மருந்துகளோடு தொடங்குகிறார்.

இரண்டு மூன்று மருந்து என்றவுடன் "நான் ஒரே மாத்திரைதான் சாப்பிடுகிறேன்" என்று பலர் சொல்வர். தயவுசெய்து அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒரே மாத்திரைக்குள் கிளிமிப்ரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து இருப்பது நம் நாட்டில் மிகவும் வழக்கம். பேலியோவைப் பொறுத்தவரை இம்மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

கிளிமிப்ரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. நீங்கள் இட்லி உண்டாலும் முட்டை உண்டாலும் தூண்டுவது மாறாது. இட்லி வரும் என்று எதிர்பார்த்துச் சுரந்த இன்சுலினுக்கு இட்லி கிடைக்காவிட்டால், அது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினுக்கும் இதே நிலை, இன்னும் கூடுதலாகவே. பேலியோ தொடங்கும் நாளிலேயே இவற்றின் அளவை மருத்துவர் பெரும்பாலும் பாதியாகக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். எவ்வளவு என்பது உங்கள் சர்க்கரை அளவு, வயது, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. பக்கத்து வீட்டாரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் எந்த உணவுமுறையிலும், எந்தக் காரணத்துக்காகவும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தக் கூடாது. அது உயிரைப் பறிக்கும்.

மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவையும் அப்படியே. இவற்றை மட்டும் உட்கொள்பவர் ஓரளவு ஆறுதலாகத் தொடங்கலாம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று முடியும் மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இவற்றின் ஆபத்து வீட்டிலுள்ள சர்க்கரைமானியில் தெரியாது. இவை இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. மாவுச்சத்தும் வருவதில்லை, இருக்கும் சர்க்கரையும் வெளியேறுகிறது என்னும் நிலையில் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்கள் என்னும் அமிலத் தன்மை உள்ள பொருள்களை உண்டாக்கும். பேலியோவில் கீட்டோன் சற்று உயர்வது இயல்பே. இந்த மருந்தோடு சேரும்போது அது வரம்பு மீறி, இரத்தமே அமிலமாகிவிடக் கூடும். வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று ஏறியிருக்கும். இங்கோ 250க்குக் கீழேயே, சிலருக்கு ஏறத்தாழ இயல்பான அளவிலேயே, இருக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மிகுந்த சோர்வு: இம்மருந்தை உட்கொள்பவருக்கு இவை தோன்றினால், மானியில் 160 என்று காட்டினாலும் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். மருந்தின் பெயரையும், உணவை மாற்றியிருப்பதையும் அங்கே முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று எண்ண இடமுண்டு.

கண்டிப்பான பேலியோவைத் தொடங்குமுன் இவ்வகை மருந்தை நிறுத்துவதே பொதுவான நடைமுறை. ஆனால் இதயச் செயலிழப்புக்காகவோ சிறுநீரகத்தைக் காப்பதற்காகவோ இது எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. அத்தகையோருக்கு மாத்திரையா பேலியோவா என்று வந்தால் மாத்திரையே வேண்டும் என்பது எங்கள் கருத்து. மாவுச்சத்தை மிதமாகக் குறைக்கும் வேறு உணவு அவர்களுக்கு இருக்கிறது.

முதல் பத்து நாளில் வீட்டிலுள்ளோர் அறிய வேண்டியது

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஐம்பத்தெட்டு வயதுள்ள ஒருவர் காலையில் மேற்சொன்ன மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, இங்கே பலர் செய்வதுபோல் நூறு பாதாம் உண்கிறார். நூறு பாதாம் என்பது ஏறத்தாழ 120 கிராம்; அதில் 700 கிலோகலோரி அளவு ஆற்றல் உண்டு. ஆனால் சர்க்கரையாக மாறக்கூடிய மாவுச்சத்து 10 கிராமை ஒட்டியே இருக்கும். வயிறு நிறைந்திருக்கிறது. பசியில்லை. பதினொரு மணிக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, காரணமின்றி மனைவியிடம் எரிந்து விழுகிறார். "புது உணவுக்கு உடம்பு பழகுகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று வீட்டில் எண்ணிக்கொள்கின்றனர். முதல் வாரத்தில் தலைவலியும் அசதியும் வருவது உண்மைதான். உடலிலிருந்து உப்பும் நீரும் வெளியேறுவதால் அது நிகழ்கிறது. ஆனால் அதுவா, சர்க்கரைத் தாழ்வா என்பதைப் பார்வையால் பிரித்தறிய முடியாது. விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால் அரை நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

70க்குக் கீழ் இருந்தால் அது தாழ்வு. உடனே 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை நீரில் கலந்து கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு தடைகள் வரும். முதலாவது, "பேலியோவில் சர்க்கரை கூடாதே, விரதம் முறிந்துவிடுமே" என்று நோயாளியே மறுப்பது. தாழ்வு நேரத்தில் சர்க்கரை உணவன்று, மருந்து. அவர் தெளிவாக இருக்கும்போதே, தொடங்குவதற்கு முந்தின நாளே, இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தாழ்வு வந்தபின் அவரோடு வாதிட இயலாது, மூளைக்கே சர்க்கரை போதாத நேரம் அது. இரண்டாவது தடை வோக்ளிபோஸ். இது நாம் சமையலில் பயன்படுத்தும் சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும். ஆதலால் இம்மருந்து உட்கொள்பவருக்கு வெறும் சர்க்கரை கரைத்த நீர் விரைவில் பயன் தராது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் ஒரு பெட்டியை வாங்கி, சமையலறை அலமாரியின் உள்ளே மறைத்து வைக்காமல், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நெய்யும் கொழுப்பும் கலந்த இனிப்பு இதற்கு உதவாது; கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதமாக்கும்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐ அழையுங்கள்.

இன்னும் ஒன்று. கிளிமிப்ரைடு, குறிப்பாகக் கிளிபென்கிளமைடு, பல மணி நேரம் வேலை செய்யும். சிறுநீரகம் பழுதுபட்டவரிடம் ஒரு நாளுக்கு மேலும் தங்கும். குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டார் என்பதால் அபாயம் கடந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. மாலையில் மீண்டும் இறங்கலாம், இரவு உறக்கத்தில் இறங்கலாம். ஆகவே அன்றே மருத்துவமனைக்கு வருவதுதான் முறை. மெட்டோப்ரோலால் போன்ற மருந்தை இதயத்துக்காக உட்கொள்வோருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே தாழ்வு வரலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் தெரியும். அவர்களைப் பேணுவோர் அந்த வியர்வையைக் கவனிக்க வேண்டும்.

இன்சுலினோ கிளிமிப்ரைடு குடும்ப மருந்தோ தொடரும்வரை, முதல் இரண்டு வாரம் நாளுக்கு நான்கு முறை, அதாவது மூன்று வேளை உணவுக்கு முன்னும் படுக்கப் போகுமுன்னும், அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பரிசோதனைப் பட்டைகளின் செலவு கணிசமானதுதான். அதை ஏற்க இயலாத மாதத்தில் பேலியோவைத் தள்ளிப்போடுவது நல்லது.

இரத்த அழுத்த மாத்திரையைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உடல் உப்பையும் நீரையும் இழக்கும் முதல் வாரங்களில், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவருக்கு எழுந்து நின்றால் தலை சுற்றலாம். வயதானவர் ஒருவர் அதனால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் ஒரு மாதத்தில் குறைந்த சர்க்கரையால் என்ன பயன்? அழுத்தத்தையும் வாரம் இரு முறை பாருங்கள். இரத்தம் உறையாதிருக்க அசெனோகூமராலோ வார்ஃபரினோ உட்கொள்வோர், கீரையின் அளவு திடீரெனக் கூடினால் அம்மருந்தின் வலிமை குறையும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

தொடங்காதிருக்க வேண்டியோர்

கருவுற்றிருப்போர், பாலூட்டும் தாய்மார், உடல் மெலிந்த முதியோர், சிறுநீரகச் செயல்திறன் குறைந்தோர் ஆகியோருக்கு இது வேண்டாம். சிறுநீரகப் பழுது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்காமல் "எனக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது" என்று எவரும் சொல்ல முடியாது. முன்னர்ச் சிறுநீரகக் கல் வந்தவர் நாள்தோறும் நூறு பாதாமை நினைக்கவே கூடாது, பாதாமில் ஆக்சலேட்டு மிகுதி.

பலருக்கு வியப்பூட்டும் செய்தி கண்ணைப் பற்றியது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை திடீரெனத் தாழும்போது, ஏற்கெனவே விழித்திரைப் பாதிப்பு உள்ளோர் சிலருக்கு அது தற்காலிகமாக மோசமாகக் கூடும். நெடுங்கால நோக்கில் சர்க்கரை குறைவதே கண்ணுக்கு நல்லது என்றாலும், ஹெச்பிஏ1சி 10, 11 என்று இருப்பவர் விழித்திரைப் பரிசோதனையை முடித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

முப்பதாம் நாளில் எதை அளப்பது

ஒரு மாதம் முடிந்ததும் ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்த்து, எதிர்பார்த்த அளவு இறங்கவில்லையே என்று மனம் சோர்வோர் உண்டு. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அதன்மேல் படிந்த சர்க்கரையையே இப்பரிசோதனை காட்டுகிறது. கடைசி ஒரு மாதத்தின் பங்கு அதில் பாதி அளவுதான். மீதி, பேலியோவுக்கு முந்தைய மாதங்களின் கணக்கு. ஆகவே முப்பதாம் நாளில் நம்பத் தக்கது உங்கள் நோட்டில் உள்ள எண்களே. ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்.

அந்த நோட்டில் ஒரு புதிர் தென்படலாம். உணவுக்குப் பின் 130, 140 என்று அழகாக இருக்கும். காலை வெறும் வயிற்றில் மட்டும் 125, 130 என்று அடம் பிடிக்கும். இரவெல்லாம் உண்ணாதபோது கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்கி வெளியிடுவதும், மாவுச்சத்து வராத நாள்களில் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளத் தயங்குவதும் இதற்குக் காரணமாகலாம். இதைக் கண்டு பயந்து பழைய மாத்திரையை நீங்களாகவே மீண்டும் தொடங்க வேண்டாம். இதே காரணத்தால், பேலியோவில் இருப்பவர் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு நேரே போனால் முடிவு தவறாக உயர்ந்து காட்டும். அதற்கு முன் மூன்று நாளேனும் நாளுக்கு 150 கிராம் மாவுச்சத்து உண்டிருக்க வேண்டும்.

எடை முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைவது பெரும்பாலும் நீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் நீரையேனும் பிடித்துவைத்திருக்கும். சேமிப்பு தீரும்போது நீரும் போகும். இரண்டாம் வாரத்திலிருந்து குறைவதே கொழுப்பு. இடுப்பை அளவு நாடாவால் அளப்பது எடைக் கருவியைவிட நேர்மையான விடை தரும்.

கொழுப்புப் பரிசோதனையைத் தொடங்குமுன் ஒரு முறையும், மூன்று மாதத்தில் ஒரு முறையும் செய்ய வேண்டும். டிரைகிளிசரைடு பெரும்பாலோருக்குக் குறையும். எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு சிலருக்கு மாறாது. சிலருக்கு வியக்கும் அளவுக்கு ஏறும். யாருக்கு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. "பேலியோவில் எல்டிஎல் ஏறினால் தீங்கில்லை" என்ற பேச்சு பரவலாக உள்ளது. நீரிழிவு உள்ளவருக்கு இதயநோய் வாய்ப்பு ஏற்கெனவே மிகுதி என்பதால் இப்பேச்சை நாங்கள் ஏற்பதில்லை. இதற்கென எழுதப்பட்ட ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

முப்பத்தோராம் நாள்

மாதம் முடிந்தபின் பலர் பழைய தட்டுக்குத் திரும்புகின்றனர். ஒரு திருமண விருந்தில் திரும்புவோரும் உண்டு. தொடங்கிய நாளில் இருந்த சிக்கல் இப்போது தலைகீழாக வருகிறது: உணவு பழைய அளவு, மாத்திரையோ குறைக்கப்பட்ட அளவு. சில நாளில் சர்க்கரை 250ஐத் தாண்டுவதும், இழந்த நீர் திரும்பி எடை இரண்டு கிலோ ஏறுவதும் கண்டு "எல்லாம் வீண்" என்று மனம் உடைந்துவிடுகின்றனர்.

பேலியோவைத் தொடர விரும்புவோர் தொடரலாம். மருத்துவரின் கண்காணிப்பு இருந்தால் போதும். நிறுத்த விரும்புவோர் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். முதலில் மதிய வேளைக்கு மட்டும் ஒரு சிறு கிண்ணம், அதாவது 100 கிராம் சோற்றைச் சேர்த்து, காய்கறியையும் மீனையோ முட்டையையோ பன்னீரையோ பேலியோவில் இருந்த அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உண்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து 180க்குள் இருந்தால், பருப்பையோ சுண்டலையோ அடுத்துச் சேர்க்கலாம். இரவுச் சோறு கடைசியில் வரட்டும், வராமலே போனாலும் குறையில்லை. இந்த எண்களோடு, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபரிசோதனைக்கு வாருங்கள். பெயர் நினைவிருக்க வேண்டியதில்லை; அட்டையின் பின்புறத்தை நாங்கள் படித்துக்கொள்கிறோம்.